பிரித்தால் திறக்கும் சொல்

பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் தமிழே பாடமொழியாக இருந்தபோதிலும், ‘நிறை’ என்ற சொல் ஒரு கரையில் தரும் பொருளை மறு கரையில் தருவதில்லை. தமிழ்நாட்டுப் பாடநூலில் நிறை என்பது ஒரு பொருளில் அடங்கியுள்ள சடத்தின் அளவு. அப்பொருளைப் புவி தன்பால் இழுக்கும் விசை எடை எனப்படுகிறது. இலங்கைப் பாடநூலில் முன்னையது திணிவு, பின்னையதே நிறை. ‘வேகம்’ என்பதும் அவ்வாறே: தமிழ்நாட்டில் அது திசையைக் கருதாத விரைவைக் குறிக்க, திசையும் சேர்ந்தது திசைவேகம் ஆகிறது, இலங்கையிலோ திசை சேராதது கதி, திசை சேர்ந்ததே வேகம். திருகோணமலையில் பத்தாம் தரத்தில் பயிலும் மாணவர் ஒருவர் தம் பாடநூலைப் படித்துவிட்டுத் தமிழ்நாட்டில் பதிவான காணொளிப் பாடமொன்றையும் பார்ப்பாராயின், தம் தாய்மொழியிலேயே இரண்டு பௌதிகவியல்களைச் சந்திக்கிறார். இவற்றோடு, மீன் சந்தையில் தராசு காட்டும் கிலோகிராமையும் ஊரார் நிறை என்றே வழங்குவதால், ஒரே சொல்லுக்கு மூன்று வழக்குகள் அவர் நினைவில் போட்டியிடுகின்றன.

இடைநிலை வகுப்புகளில் சொல் கற்பித்தல் என்பது மொழிப்பாட ஆசிரியருக்கு மட்டும் உரிய பணியன்று என்பதை இந்த ஒரு சொல்லே காட்டுகிறது. இலங்கையில் தரம் 6 முதல் 9 வரையான கனிட்ட இடைநிலைப் பருவத்திலும், க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் முடியும் 10, 11 ஆகிய தரங்களிலும், மாணவர் எதிர்கொள்ளும் புதிய சொற்களிற் பெரும்பாலானவை விஞ்ஞானம், புவியியல், வரலாறு, கணிதம் ஆகிய பாடங்களின் வழியாகவே வருகின்றன. அச்சொற்கள் தெரியாமற் போனால், பாடத்தை ஆசிரியர் எவ்வளவு விளக்கினாலும் மாணவருக்குப் பிடி கிட்டுவதில்லை. வினாத்தாளில் ‘வேறுபடுத்துக’ என்று கேட்டால் ‘விவரிக்க’ என்று எண்ணி விடை எழுதுபவர், அறிவிருந்தும் புள்ளி இழக்கிறார்.

எச்சொற்களைத் தெரிவது?

ஒரு மொழியின் சொற்கள் அனைத்தையும் வகுப்பறையிற் கற்பிக்க முடியாது. ஆதலால் தெரிவு தவிர்க்க முடியாதது. தமிழ் மரபு இதை மிக முன்னரே உணர்ந்திருந்தது. தொல்காப்பியத்தின் உரியியல், யாவருக்கும் வெளிப்படையாக விளங்கும் சொற்களுக்குப் பொருள் கூற வேண்டியதில்லை, வெளிப்படாதவற்றுக்கே கூற வேண்டும் என்று வரையறுக்கிறது. அதனோடு, ஒரு பொருளை விளக்க இன்னொன்று, அதை விளக்க வேறொன்று என்று போனால் அதற்கு எல்லை இராது என்றும், பொருளை உணரும் வாயில் உணர்பவரின் திறனைப் பொறுத்தது என்றும் சேர்த்துச் சொல்கிறது. சொற் கற்பித்தலின் மூன்று அடிப்படைச் சிக்கல்களான தெரிவு, விளக்கத்தின் வரம்பு, மாணவரின் முன்னறிவு ஆகியவை அங்கே ஒருங்கே பேசப்பட்டுள்ளன.

அமெரிக்க ஆய்வாளர்களான ஐசபெல் பெக், மார்கரெட் மக்கியோன் ஆகியோர் முன்வைத்த மூன்று அடுக்குப் பாகுபாடு இத்தெரிவை இன்னும் நுட்பமாக்கியது. முதல் அடுக்கில் வீட்டிலும் தெருவிலும் தானாகவே கற்கப்படும் சொற்கள் உள்ளன. துறைமுகக் கரையில் வளரும் பிள்ளைக்கு வள்ளம், கரைவலை, களப்பு, உப்பளம் ஆகியவற்றை யாரும் பாடமாக நடத்த வேண்டியதில்லை. மூன்றாம் அடுக்கு, ஒரு பாடத்துக்கே உரிய கலைச்சொற்களால் ஆனது: திணிவு, இழையம், ஒளித்தொகுப்பு என்பன அத்தகையவை. இவ்விரண்டுக்கும் நடுவில், எந்தப் பாடத்திலும் தலைகாட்டுவனவும் ஆனால் அன்றாடப் பேச்சில் அரிதாகவே வருவனவுமாகிய சொற்கள் நிற்கின்றன: செறிவு, விளைவு, ஒப்பீடு, கருதுகோள், சார்பாக, மாறாக, ஆகையினால் போன்றவை. கலைச்சொல்லை ஆசிரியர் கரும்பலகையில் எழுதி விளக்குவார். முதல் அடுக்குச் சொல்லை மாணவரே அறிவார். நடு அடுக்கோ இருவர் கவனத்துக்கும் தப்பிவிடுகிறது. நன்றாகப் பேசும் மாணவர் பாடநூலைப் படிக்கும்போது தடுமாறுவதன் காரணங்களுள் இது முதன்மையானது. கனடாவில் பணியாற்றிய ஜிம் கமின்ஸ் 1979இல் அன்றாட உரையாடல் மொழியையும் கல்விசார் மொழியையும் வேறுபடுத்திக் காட்டியதும் இந்த இடைவெளியைச் சுட்டியே.

வாசித்து வாசித்தே சொல்வளம் பெருகும் என்ற நம்பிக்கையில் உண்மை உண்டு. எனினும் அது பாதி உண்மை. தெரியாத சொல் ஒன்றை வாசிப்பின் போக்கில் ஒரு முறை சந்திக்கும் மாணவர் அதன் பொருளைக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு 15 என்று, பல பரிசோதனைகளைத் தொகுத்து நோக்கிய 1999ஆம் ஆண்டு ஆய்வொன்று கணித்தது. தவிரவும், சூழலைக் கொண்டு பொருளை ஊகிக்க வேண்டுமானால் சுற்றியுள்ள சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். ஆங்கில வாசிப்பை ஆராய்ந்த போல் நேஷன், உதவியின்றி வாசிக்க ஒரு பனுவலின் சொற்களில் 98 வீதம் தெரிந்திருக்க வேண்டும் என்ற அளவை எடுத்துக்கொண்டார். அதாவது 50 சொற்களுக்கு ஒன்று மட்டுமே புதிதாக இருக்கலாம். ஒரு பந்தியிலேயே ஐந்தாறு புதிய சொற்களை அடுக்கும் விஞ்ஞானப் பாடநூல் அந்த எல்லையைத் தாண்டிவிடுவதால், அங்கே ஊகம் மட்டும் கைகொடுப்பதில்லை.

அகராதியின் எல்லை

தெரியாத சொல்லுக்கு அகராதியைப் பார்த்துப் பொருளெழுதி, அதை வைத்து வாக்கியம் அமைக்கச் செய்வது பள்ளிகளில் வேரூன்றிய பழக்கம். உளவியலாளர் ஜோர்ஜ் மில்லரும் பற்றிஷா கில்டேயாவும் 1987இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் இப்பழக்கத்தின் விளைவைக் காட்டினர். மண்ணரிப்பைக் குறிக்கும் ஆங்கில வினைக்கு அகராதி தந்த விளக்கத்தில், வெளியே சென்று உண்பதையும் குறிக்கக்கூடிய தொடரொன்று இருந்தது. அதை மட்டும் பற்றிக்கொண்ட மாணவர், தம் குடும்பம் அடிக்கடி அரிப்புறுகிறது என்னும் பொருள்பட வாக்கியம் அமைத்தார். மாணவர் சோம்பியிருக்கவில்லை, தமக்குத் தெரிந்த துண்டைப் பிடித்துக்கொண்டு நேர்மையாகவே முயன்றார். பொருளுக்குப் பொருள் சொல்வதன் வரம்பைத் தொல்காப்பியம் சுட்டியது போலவே, வரைவிலக்கணம் ஏற்கெனவே அறிந்தவருக்கு நினைவூட்டுமே தவிர, அறியாதவருக்குப் புதிதாக ஒன்றைக் கட்டித் தருவதில்லை.

நிகண்டு மரபும் இவ்விடத்தில் எண்ணத்தக்கது. திவாகரம், பிங்கலம், சூடாமணி ஆகிய நிகண்டுகள் சொற்களைத் தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் எனப் பொருள்வகையால் தொகுத்தன. திண்ணைப் பள்ளி மாணவர் அவற்றின் செய்யுள்களை மனனம் செய்தனர். ஓசையும் எதுகையும் நினைவுக்குத் துணை செய்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரே இனத்தைச் சேர்ந்த புதிய சொற்களை ஒரே வேளையில் கற்பித்தால் அவை ஒன்றோடொன்று குழம்புகின்றன என்பதை 1990களில் தோமஸ் டிங்காம் நடத்திய பரிசோதனைகள் காட்டின. திணிவையும் நிறையையும், கதியையும் வேகத்தையும் ஒரே பாடவேளையில் அறிமுகம் செய்யும் வகுப்பில் நிகழ்வது இதுவே. ஒன்று நன்றாக வேரூன்றிய பின்னரே மற்றதைக் கொணர்ந்து இரண்டையும் எதிரெதிராக நிறுத்த வேண்டும். ஒப்பீடு இன்றியமையாதது; அதற்குரிய நேரம் முதல் நாள் அன்று.

நினைவு எவ்வாறு பற்றுகிறது?

ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜேர்மானியர் பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, அவற்றை மீளக் கற்க எவ்வளவு நேரம் தேவைப்படுகிறது என்பதை அளந்து 1885இல் வெளியிட்ட முடிவு, மறதி முதல் நாளிலேயே செங்குத்தாக இறங்கிப் பின்னர் மெல்லத் தட்டையாகிறது என்பதாகும். ஆகவே திங்கட்கிழமை விளக்கப்பட்ட சொல் அடுத்த நாளும், அதன்பின் சில நாட்கள் கழித்தும், பின்னும் சில வாரங்கள் கழித்தும் திரும்ப வர வேண்டும். ஒரே நாளில் பத்து முறை எழுதுவதைவிட, இடைவெளி விட்டு நான்கு முறை சந்திப்பது மேலானது.

அச்சந்திப்பின் தன்மையும் முக்கியமானது. ஜெஃப்ரி கார்பிக், ஹென்றி றோடிகர் ஆகியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்கள் சுவாஹிலி மொழியின் 40 சொற்களை ஆங்கிலப் பொருளோடு கற்றனர். ஒரு முறை சரியாகச் சொல்லிவிட்ட சொற்களை மீண்டும் மீண்டும் நினைவிலிருந்து எடுத்துச் சொல்லுமாறு கேட்கப்பட்டவர்கள், ஒரு வாரம் கழித்து ஏறத்தாழ 80 வீதத்தை நினைவுகூர்ந்தனர். அச்சொற்களைத் திரும்பத் திரும்பப் பார்வையிட்டும் தம் நினைவைச் சோதித்துப் பாராதவர்கள் 40 வீதத்தைக்கூட எட்டவில்லை. நினைவு என்பது பொருளை வைத்துப் பூட்டும் பெட்டியன்று. எடுக்க எடுக்கவே எடுக்கும் வழி பழகுகிறது. புத்தகத்தை மூடி வைத்து, ‘சென்ற வாரம் படித்த சொல் ஒன்றைச் சொல்லுங்கள்’ என்று கேட்பதற்கு எந்தச் செலவும் இல்லை. அதைப் புள்ளியிடும் சோதனையாக்காமல் பாடத்தின் தொடக்கப் பழக்கமாக்கினால் போதும்.

கலைச்சொல்லின் உள்ளமைப்பு

இதுவரை கூறியவை எந்த மொழிக்கும் பொருந்துவன. தமிழ்க் கலைச்சொல்லுக்கோ தனியான ஒரு வாய்ப்பு உண்டு. மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த அமெரிக்க மிசனரி மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், 1847இல் இலங்கைக்கு வந்து பல மருத்துவ, அறிவியல் நூல்களைத் தமிழில் வெளிக்கொணர்ந்தார். 1875இல் வெளிவந்த இரசாயன நூலின் பெயர் ‘கெமிஸ்தம்’. அயற்சொல் தமிழ் ஒலிக்கு ஏற்பத் திருத்தப்பட்ட வடிவம் அது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கைப் பள்ளிகளின் உயர் வகுப்புகள் தாய்மொழிக்கு மாறியபோது அரசகரும மொழித் திணைக்களம் பாடவாரியாகக் கலைச்சொற்களை ஆக்கியது. இன்று மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகத்தின் பாடத்திட்டமும் அரசு இலவசமாக வழங்கும் பாடநூல்களும் அந்த வழக்கையே தொடர்கின்றன. தனிமங்களின் பெயர்களை ஒலிபெயர்த்து, கருத்துகளின் பெயர்களைத் தமிழ் வேர்களிலிருந்து ஆக்குவது அவ்வழக்கின் பொதுப்போக்கு.

அவ்வாறு ஆக்கப்பட்ட சொற்கள் பிரித்தால் திறக்கின்றன. அளப்பது ‘மானி’ என்று தெரிந்தவருக்கு வெப்பமானி, பாரமானி, அம்பியர்மானி ஆகிய மூன்றும் பாதி விளங்கிவிடுகின்றன. ‘காட்டி’யை அறிந்தவருக்குத் திசைகாட்டியும் தொலைகாட்டியும் நுணுக்குக்காட்டியும் ஒரே குடும்பமாகின்றன. முள்ளந்தண்டுளி, முள்ளந்தண்டிலி ஆகிய இரண்டும் மாணவரை மயக்குவது அவற்றின் ஒலியொற்றுமையால். உள்ளது ‘உளி’, இல்லாதது ‘இலி’ என்று பிரித்துக் காட்டினால் அந்த ஒற்றுமையே விளக்கமாகிவிடுகிறது. காபனீரொட்சைட்டு என்ற நீண்ட சொல்லைக் காபன், ஈர், ஒட்சைட்டு என்று பிரிப்பவர், ஒரு காபன் அணுவோடு இரண்டு ஒட்சிசன் அணுக்கள் சேர்ந்திருப்பதைச் சொல்லுக்குள்ளேயே காண்கிறார். காபனோரொட்சைட்டைப் பிரித்தால் ‘ஓர்’ என்பது வெளிப்பட்டு, ஒட்சிசன் அணு ஒன்றே என்பது தெரிகிறது. ஓர் எழுத்து வேறுபாடு ஒரு மூலக்கூறின் வேறுபாடாகிறது.

இச்சொற்களை மூடி வைப்பது புணர்ச்சி. சொற்கள் சேரும்போது மெய்யும் உயிரும் கலந்து எல்லை மறைந்துவிடுவதால், பிரிக்கப் பழகாத மாணவருக்குக் காபனீரொட்சைட்டு பொருளற்ற ஒலித்தொடராகவே நிற்கிறது. அதை அவர் எபிங்ஹவுஸின் அசைகளைப் போலவே மனனம் செய்து, அவற்றைப் போலவே மறக்கிறார். தமிழ்ப் பாடத்தில் புணர்ச்சி விதிகளைப் பழைய செய்யுள்களில் மட்டும் பயிற்றுவித்து, விஞ்ஞானப் பாடத்தில் அவ்விதிகள் இயங்கும் சொற்களைப் பிரிக்காமல் விட்டுவிடுவது இரு பாடங்களுக்கும் இழப்பு. ஈரூடகவாழி, ஒளித்தொகுப்பு, தாழமுக்கம் என்பவற்றைத் தமிழாசிரியர் புணர்ச்சிக்கு எடுத்துக்காட்டாகக் கொண்டால், இலக்கணத்துக்கும் ஒரு பயன் தென்படும்.

உருவகமும் இச்சொற்களுக்குள் உறைந்திருக்கிறது. 1665இல் தக்கைத் துண்டை நுணுக்குக்காட்டியில் பார்த்த றொபேட் ஹூக், அதிலிருந்த நுண்ணறைகளுக்குச் சிற்றறையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைச் சூட்டினார். தமிழ்நாடு அதை ‘செல்’ என்று ஒலிபெயர்த்துக்கொள்ள, இலங்கை வழக்கு ‘கலம்’ என்றது. கலம் என்பது பாத்திரம். மரக்கலத்திலும் அதுவே இருக்கிறது. கப்பல்கள் தங்கும் ஊரின் மாணவருக்கு, சுவர் சூழ்ந்து உள்ளே சரக்கைத் தாங்கும் ஒன்று என்ற படிமம் இயல்பாகவே கிட்டுகிறது. ஒரே வகைக் கலங்கள் கூடி அமைவதற்கு இழையம் என்று பெயர்; நெய்யப்பட்டது என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த ஆங்கிலப் பெயரின் உருவகத்தை, ‘இழை’ என்ற வேர் தமிழிலும் காத்து நிற்கிறது. கரையில் வலை பொத்துபவரின் விரல்களுக்கிடையே ஓடும் இழையும் அதுவே.

எனினும் உள்ளமைப்பு சில வேளை வழிதவறவும் செய்யும். ஈரூடகவாழியை ‘இரண்டு ஊடகங்களில் வாழ்வது’ என்று பிரித்த மாணவர், கடலில் நீந்திக் கரைமணலில் முட்டையிடும் ஆமையையும் அவ்வகையில் சேர்த்துவிடக்கூடும். கடலாமை நுரையீரலால் சுவாசிக்கும் ஊர்வன வகை விலங்கு; தவளையைப் போல நீருக்குள் பூக்களால் (செவுள்களால்) சுவாசிக்கும் இளம்பருவம் அதற்கு இல்லை. ஆதலால் பிரித்துக் காட்டுவதோடு நில்லாமல், சொல்லுக்குள் அடங்குவதையும் அடங்காததையும் அருகருகே வைக்க வேண்டும். 1969இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் டொரதி ஃபிரேயரும் அவர் குழுவினரும் வகுத்த முறை இதற்கு ஏற்றது. தாளை நான்காகப் பிரித்து, ஒரு கட்டத்தில் வரைவிலக்கணம், ஒன்றில் இயல்புகள், ஒன்றில் எடுத்துக்காட்டுகள், இறுதிக் கட்டத்தில் எடுத்துக்காட்டு ஆகாதவை என எழுதுவதே அம்முறை. நான்காம் கட்டத்தில் ஆமை எழுதப்படும்போதுதான் சொல்லின் எல்லை துலங்குகிறது.

ஊரறிவும் பாடச்சொல்லும்

கருத்து முன்னரே இருந்து பெயர் மட்டும் பின்னர் வருமாயின், கற்றல் விரைகிறது. திருகோணமலை மாவட்டம் இவ்வகையில் வளம் மிக்கது. நிலாவெளிப் பக்கத்து உப்பளங்களில் பாத்தியில் நிற்கும் கடல்நீர் கரைசல். அதில் கரைந்துள்ள உப்பு கரையம். கரைத்து வைத்திருக்கும் நீர் கரைப்பான். வெயிலில் நீர் ஆவியாகக் கரைசலின் செறிவு கூடி, முதலில் கல்சியம் காபனேற்றும், அடுத்துக் கல்சியம் சல்பேற்றும், அதன்பின் சோடியம் குளோரைட்டும் பிரிகின்றன. நான்கு பாடச்சொற்களை ஒரு பாத்தி தாங்கி நிற்கிறது. அவை ஒரே நிகழ்வின் வெவ்வேறு பங்குகளாக வருவதால், ஒரே இனத்துச் சொற்களைப் போல எளிதில் குழம்புவதில்லை.

‘தாழமுக்கம்’ என்ற சொல் கிழக்குக் கரையில் யாவருக்கும் தெரிந்தது. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் வானொலி அதை அறிவித்தால் வள்ளங்கள் கரையேற்றப்படும். 1964 டிசம்பரில் வீசிய பெரும்புயலிலிருந்து, 2020 டிசம்பர் 2ஆம் திகதி இம்மாவட்டத்தில் கரையேறிய புரெவி வரை, அச்சொல் பேரிடரின் முன்னறிவிப்பாகவே மக்கள் நினைவில் தங்கியுள்ளது. பாடநூலுக்கு அது, சுற்றியுள்ள இடங்களைவிட வளியமுக்கம் தாழ்ந்திருக்கும் இடம். ஊரார் அறிந்தது விளைவு. நூல் கூறுவது காரணம். தாழ், அமுக்கம் என்று பிரித்து, அமுக்கம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்தை நோக்கிக் காற்று விரைவதைச் சொன்னால், வானொலிச் செய்தியும் பாரமானியின் அளவும் ஒன்றாகின்றன. அமுக்கம் என்பதையே உணர்த்த, ஆழத்தில் மூழ்குபவரின் காது அடைப்பதைச் சொல்லலாம். ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுவதைச் சங்கு குளிப்பவரின் உடல் அறிந்திருக்கிறது.

வீட்டு வழக்கைத் தாழ்ந்ததாகக் கருதி விலக்கும் வகுப்பு இந்த முன்னறிவை இழந்துவிடுகிறது. வீட்டு வழக்கோடே நின்றுவிடும் வகுப்போ, மாணவரைப் பரீட்சைக்கும் மேற்படிப்புக்கும் உரிய மொழியிலிருந்து தள்ளி வைக்கிறது. சொல் கற்பித்தல் என்பது இவ்விரண்டையும் இணைக்கும் வேலை: வாரத்துக்கு எட்டோ பத்தோ சொற்களைத் தெரிந்து, அவற்றை உரக்கச் சொல்லி, பிரித்து, ஊரிலுள்ள ஒன்றோடு பொருத்தி, அடங்காததை விலக்கி, மாணவரின் சொந்த வாக்கியத்தில் இடம்பெறச் செய்து, நாட்களின் இடைவெளியில் நினைவிலிருந்து மீண்டும் மீண்டும் எடுக்கச் செய்வது.

அவ்வாறு கற்ற மாணவரிடம் ‘நிறை’ தன் மூன்று பொருள்களோடும் குழப்பமின்றித் தங்கும். தராசில் கிடக்கும் பாரை மீன் இரண்டு கிலோகிராம் என்றால், வாங்குபவருக்கு அது நிறை. இலங்கைப் பாடநூலுக்கு அது திணிவு, அம்மீனைப் புவி இழுக்கும் ஏறத்தாழ 20 நியூற்றன் விசையே நிறை. தமிழ்நாட்டுக் காணொளியில் அந்த 20 நியூற்றனுக்குப் பெயர் எடை. மீனைச் சந்திரனுக்குக் கொண்டு சென்றால் எது ஆறில் ஒரு பங்காகக் குறையும், எது மாறாமல் நிற்கும் என்று கேட்டால், எந்தக் கரையின் சொல்லில் கேட்கப்பட்டாலும் அவர் பிழையின்றி விடை சொல்வார்.